தென்றலும் வாடையும் வலசைப் பறவைகளும்



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள், இளவேனிற் காலத்தில் வடக்கு நோக்கி வலசை போகும் பறவைகளுக்கும் அவற்றின் வழியில் வீசும் காற்றுக்கும் பெய்யும் மழைக்கும் உள்ள சம்பந்தம் பற்றியது. அப்பறவைகளைக் காணவேண்டும் என்ற ஆவலோடு கரையில் காத்து நிற்கும் மனிதருக்கும் அதே காற்றுக்கும் உள்ள சம்பந்தமும் அதில் அடங்கும். பறவைக்கு உகந்த காற்றே பறவை பார்ப்போருக்கும் உகந்த காற்றாக இருக்கும் என்றுதான் எவரும் எண்ணுவர். நானும் உங்களை அந்த எண்ணத்திலிருந்தே அழைத்துச் சென்று, அதற்கு நேர்மாறான ஓர் உண்மையின் முன்னே நிறுத்த விரும்புகிறேன். உலகில் வலசைப் பாதைகள் எத்தனையோ இருக்கின்றன. எல்லாவற்றையும் தொட்டுத் தொட்டுச் சென்றால் எதுவும் மனத்தில் தங்காது. ஆகையால் ஒரே ஒரு கடலை எடுத்துக்கொள்கிறேன். அது மெக்சிகோ வளைகுடா.

பூகோளப் படத்தை மனக்கண்முன் விரித்துப் பாருங்கள். தெற்கே யுகட்டான் தீபகற்பம். வடக்கே டெக்சாஸ், லூசியானா என்னும் அமெரிக்க மாநிலங்களின் தாழ்ந்த கரை. இடையே ஏறத்தாழ 900 முதல் 1,000 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்த கடல். குளிர்காலத்தை மத்திய அமெரிக்காவிலும் தென்னமெரிக்காவின் வடபகுதியிலும் கழித்த சிறு பறவைகள், வட அமெரிக்கக் காடுகளிலே கூடு கட்டிக் குஞ்சு பொரிக்க வேண்டி, மார்ச் மாதம் முதல் மே மாதம் வரையில் கோடிக்கணக்கில் இந்தக் கடலைக் கடக்கின்றன. கரும்பச்சைக் காடுகளில் தீப்பொறிபோல் ஒளிரும் செந்நிற டானேஜர்கள், நீலமே உருவான பண்டிங்குகள், செம்மஞ்சள் மார்புள்ள ஓரியோல்கள், 10 கிராம் எடைகூடத் தேறாத வார்ப்ளர்கள், எல்லாவற்றிலும் சிறியதாய் 3 கிராம் எடையே உடைய ஹம்மிங் பறவை: இவற்றில் எதற்கும் நீரின்மேல் இறங்கி இளைப்பாறத் தெரியாது. ஏறினால் மறுகரை சேர வேண்டும். இல்லையேல் கடலே கதி.

இத்தகைய பிரயாணத்துக்கு அவை எப்படிச் சித்தமாகின்றன? யுகட்டான் கரையிலே பூச்சிகளையும் பழங்களையும் உண்டு உண்டு உடம்பில் கொழுப்பைச் சேர்த்துக்கொள்கின்றன. அந்தக் கொழுப்பே வழிக்குக் கட்டிக்கொண்ட கட்டுச்சோறு. ஹம்மிங் பறவை தன் எடையை ஏறத்தாழ இருமடங்காக்கிக்கொண்டுதான் கிளம்புகிறது. பெரும்பாலான பறவைகள் சூரியன் மறைந்து இருள் கவிந்த சிறிது நேரத்துக்குள் மேலெழுகின்றன. இரவில் காற்று குளிர்ந்தும் கொந்தளிப்பு அடங்கியும் இருக்கும். வானத்து நட்சத்திரங்கள் திசை காட்டும். இரவெல்லாம் பறந்து, விடிந்த பின்னும் பறந்து, மறுநாள் நண்பகலையொட்டியோ பிற்பகலிலோ வடகரையை எட்டுகின்றன.

இங்கே காற்று என்ன செய்கிறது என்பதை ஒரு சிறு கணக்கால் விளக்குகிறேன். கடலின் அகலம் 960 கிலோமீட்டர் என்றும், பறவையின் சொந்த வேகம் மணிக்கு 40 கிலோமீட்டர் என்றும் வைத்துக்கொள்வோம். காற்றே இல்லாவிடில் 24 மணி நேரத்தில் கரை சேரலாம். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் தென்றல் பின்னிருந்து உந்துமானால் 16 மணி நேரம் போதும். அதே 20 கிலோமீட்டர் வேகத்தில் வாடை எதிர்த்து வீசுமானால், எவ்வளவு நேரம் ஆகும்? 48 மணி நேரம்! ஓர் இரவும் அரைப்பகலும் என்று நினைத்துப் புறப்பட்ட உயிருக்கு இரண்டு இரவும் இரண்டு பகலும். பறவையின் பலம் மாறவில்லை. கடலின் அகலம் மாறவில்லை. காற்றின் திசை ஒன்றுதான் மாறியது. அந்த ஒரு மாற்றத்திலே ஜீவனும் மரணமும் அடங்கியிருக்கின்றன.

தெய்வாதீனமாக, வேனிற்காலத்தில் அட்லாண்டிக் சமுத்திரத்தின்மேல் ஒரு பெரிய உயர் அழுத்த மண்டலம் நிலைகொள்கிறது. வட அரைக்கோளத்தில் உயர் அழுத்தத்தைச் சுற்றிக் காற்று வலமாகச் சுழலும். ஆகவே அம்மண்டலத்தின் மேற்குப் புறத்தில் இருக்கும் வளைகுடாவின்மீது தெற்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் வெதுவெதுப்பான காற்று பெரும்பாலான நாட்களில் வீசுகிறது. இந்தத் தென்றலின் முதுகேறித்தான் பறவைகள் வருகின்றன.

அன்பர்களே, இனிமேல்தான் விஷயம் சுவையானதாகிறது. தென்றல் சுகமாக வீசும் ஒரு தெளிந்த ஏப்ரல் நாளில், வடகரையிலுள்ள ஒரு சோலையில் போய் நின்றால் என்ன காண்பீர்கள்? கோடிக்கணக்கான பறவைகள் கடலைக் கடக்கும் பருவமாயிற்றே, கிளைதோறும் பறவையாக இருக்கும் என்று எண்ணுவீர்கள். சோலை வெறிச்சோடிக் கிடக்கும். உள்ளூர்ப் பறவைகள் சில கூவும். வலசைப் பறவை ஒன்றிரண்டு அகப்பட்டால் பெரிது. அப்படியானால் பறவைகள் எங்கே? அவை கடலைக் கடக்கவே இல்லையா?

இந்தக் கேள்வியை வெறும் பேச்சாகக் கேட்கவில்லை, ஐயா. 1945-ஆம் ஆண்டிலே அறிஞர்களிடையே பெரிய வாதமாகவே இது எழுந்தது. ஹூஸ்டன் நகரத்து ரைஸ் கல்விக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் போதித்துவந்த ஜார்ஜ் வில்லியம்ஸ் என்பவர் பறவைகளை உன்னிப்பாகக் கவனிப்பவர். அவர் கேட்டார்: இத்தனை பறவைகள் கடலைக் கடந்து வருமானால், களைத்த பறவைகள் முதற்கண்ட கரையிலே அல்லவா இறங்க வேண்டும்? நல்ல நாட்களில் கரை ஏன் காலியாக இருக்கிறது? புயல் நாட்களில் மட்டும் பறவைகள் குவிவதைக் கண்டு, அவை நேரே கடலைக் கடந்து வந்தவை என்று எப்படி முடிவுசெய்வது? அவை கரையோரமாகச் சுற்றிவரும் பறவைகளாய், காற்றால் ஒதுக்கப்பட்டவையாய் ஏன் இருக்கக்கூடாது? நியாயமான கேள்விகள். கண்ணால் கண்டதை மட்டுமே ஏற்கும் ஒரு நேர்மையான மனிதரின் கேள்விகள் அவை. அவற்றை எழுப்பியதற்காக நாம் அவருக்குக் கடமைப்பட்டிருக்கிறோம்.

மறுபக்கத்தில் நின்றவர் லூசியானா அரசுப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜார்ஜ் லோவரி. அவர் கூறிய விடை, கேட்பதற்கு முதலில் சமாதானம்போலத் தோன்றும். கரை காலியாக இருப்பதே பறவைகள் சுகமாகக் கடந்துவிட்டதற்கு அடையாளம் என்றார் அவர். தென்றலின் துணையோடு வந்த பறவைக்குக் கையிருப்பு இன்னும் மிச்சம் இருக்கிறது. கரையோரத்திலே உப்புச் சதுப்பும் புல்வெளியும்தான். அங்கு இறங்கி அதற்கு ஆவது ஒன்றுமில்லை. ஆகவே மிக உயரத்திலே, மனிதக் கண்ணுக்கு எட்டாத உயரத்திலே, கரையைத் தாண்டிப் பறந்து, உள்நாட்டுக் காடுகளில் போய் இறங்குகிறது. கரையில் நிற்பவன் தலைக்கு மேலே ஒரு மகாநதி ஓடிக்கொண்டிருக்கிறது. அவனோ காலி மரத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறான்.

சரி, சொல்வது எளிது, நிரூபிப்பது எப்படி? இரவில், இருளில், ஆயிரம் மீட்டருக்கும் மேலே பறப்பதை எவ்வாறு எண்ணுவது? லோவரி முழுநிலவைச் சாட்சிக்கு அழைத்தார். சிறிய தொலைநோக்கி ஒன்றைச் சந்திரன்மேல் நிறுத்தி, அந்த ஒளிவட்டத்தைக் குறுக்கே கடக்கும் பறவைகளின் கரிய நிழல்களை ஒவ்வொன்றாக எண்ணினார்; நிலவைக் கடிகார முகமாகப் பாவித்து, பறவை எந்த எண்ணுக்கு நேரே நுழைந்தது, எந்த எண்ணுக்கு நேரே வெளியேறியது என்று குறித்துத் திசையைக் கணித்தார். நிலாவட்டம் வானத்தில் மிகச் சிறிய துண்டல்லவா? அத்துண்டில் கண்ட எண்ணிக்கையிலிருந்து வானம் முழுவதிலும் செல்லும் பறவைகளை மதிப்பிடுவதற்கான கணித முறையை அவருடைய பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரென்ஸ் என்ற பௌதிக அறிஞர் வகுத்துக் கொடுத்தார். 1948-ஆம் ஆண்டு இளவேனிலில் யுகட்டான் கரையிலுள்ள புரோகிரெசோ துறைமுகம் முதலாகப் பல இடங்களில் பலர் கழுத்து நோக நிலவைப் பார்த்து எண்ணினர். புரோகிரெசோவில் நிலவின் குறுக்கே பறவைகள் கடல்நோக்கிச் செல்வது தெரிந்தது. 1951-இல் லோவரி வெளியிட்ட பெரிய ஆராய்ச்சி நூல், இரவு வலசை காற்றோட்டங்களோடு எவ்வளவு நெருங்கிப் பிணைந்தது என்பதையும் எடுத்துக் காட்டியது. இந்த முறைக்கும் வானிலையின் தயவு வேண்டியிருந்தது என்பதைக் கவனியுங்கள்: மாதத்தில் சில இரவுகளே நிலவு நிறைந்திருக்கும், அன்றும் மேகம் மறைத்தால் எண்ணிக்கை இல்லை.

பிறகு வந்தது ரேடார். புயல்மேகத்தையும் மழையையும் கண்டறிவதற்காக வானிலைத் துறையினர் கரையோரத்தில் நிறுவிய கருவி, தெளிந்த வானத்திலும் மேகம்போன்ற ஒன்றைக் காட்டியது. 1960-களில் லோவரியின் மாணவரான சிட்னி காதிரோ, லூசியானாவின் லேக் சார்ல்ஸ், நியூ ஆர்லியன்ஸ் ஆகிய இடங்களின் ரேடார்த் திரைகளை நாட்கணக்கில் ஆராய்ந்தார். காலைப்பொழுது கழியும் நேரத்தில் தெற்கே கடலின்மேல் ஒரு பூச்சு தோன்றுகிறது, அது மெல்ல மெல்ல வடக்கே வருகிறது, கரையைத் தொடுகிறது, நிற்காமல் கடந்து உள்நாட்டுக் காடுகளின்மேல் சென்று அடங்குகிறது. அத்தனையும் பறவைகள்! அதே நேரத்தில் கரைச் சோலையில் ஒன்றையும் காணோம். லோவரி சொன்னது கண்முன்னே நிரூபணம் ஆயிற்று. கரையோரமாகச் சுற்றிவரும் பறவைகளும் உண்டு என்ற அளவில் வில்லியம்ஸின் பக்கத்திலும் உண்மை இருந்தது. ஆனால் பெருவெள்ளம் கடலின்மேல்தான் வருகிறது.

இனி மற்றொரு நாளைப் பார்ப்போம். யுகட்டானில் மாலைவேளை, வானம் தெளிவு, தென்றல் வீசுகிறது. பறவைகள் எழுகின்றன. இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், கனடாவிலிருந்து ஒரு குளிர்க்காற்றுத் திரள் தெற்கே இறங்கிக்கொண்டிருப்பதை அவை எங்ஙனம் அறியும்? புறப்பட்ட இடத்து வானத்தைத்தான் பறவை அறியும். சேரும் இடத்து வானத்தை அறியாது. நடுக்கடலைத் தாண்டிய பின், மறுநாள் நண்பகலில், அந்தத் திரளின் முன்விளிம்பாகிய குளிர்முகம் எதிர்ப்படுகிறது. முதலில் இடியும் மழையும். அவற்றின் பின்னே ஓயாத வாடை. நனைந்த சிறகு கனக்கிறது. பறவை தாழ இறங்குகிறது. அலைக்கு மேலே சில மீட்டர் உயரத்தில் அடி அடியாகப் போராடுகிறது. கொழுப்பு தீர்ந்ததும் உடல் தன் தசையையே எரித்துச் சக்தியாக்கிக்கொள்கிறது. கரை தென்பட்டதும், முதலில் அகப்படும் மரத்தில், மரம் இல்லையேல் புல்லில், புல் இல்லையேல் மணலில், விழுந்துவிடுகிறது.

டெக்சாஸ் கரையில் ஹை ஐலண்ட் என்று ஓர் ஊர். நிலத்தடியிலுள்ள உப்புப் பாறை மேலே உந்தியதால், சுற்றிலும் சதுப்பாக இருக்கும் சமவெளியில் சுமார் 10 மீட்டர் உயர்ந்து நிற்கும் மேடு அது. அந்த மேட்டில்தான் பழைய ஓக் மரங்களும் பழம் உதிர்க்கும் மல்பெரி மரங்களும் அடர்ந்த சோலைகள் இருக்கின்றன. கடலிலிருந்து வரும் பறவைக்குக் கண்ணில் படும் முதல் பசுமை அதுவே. குளிர்முகம் நண்பகலில் கரையைத் தொடும் நாளில் அச்சோலைகளில் வானத்திலிருந்து பறவை கொட்டுகிறது. மனிதனின் காலடியிலே டானேஜர் தத்துகிறது. ஒரே மல்பெரிக் கிளையில் நாலைந்து ஜாதிப் பறவைகள் தோளோடு தோள் உரசி உண்கின்றன. காட்டின் உச்சிக்கிளையைவிட்டு இறங்காத வார்ப்ளர்கள் வேலியோரப் புல்லில் பூச்சி தேடுகின்றன. உலகின் பல தேசங்களிலிருந்தும் பறவை ஆர்வலர்கள் அந்த ஒரு பிற்பகலுக்காகவே வந்து தங்கிக் காத்திருக்கிறார்கள். கண்டவர் அதை ஆயுளுக்கும் மறப்பதில்லை.

நான் அவர்களுடைய ஆனந்தத்தைக் குறைகூறேன். அழகு அழகுதான். ஆனால் கரை சேர்ந்தவற்றைத்தானே நாம் பார்க்கிறோம்? சேராதவை எத்தனை? 1993-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் லூசியானாவின் கிராண்ட் ஐல் தீவை ஒட்டி ஒரு சுழற்காற்றும் புயலும் வலசைப் பறவைகளைத் தாக்கியபோது, ஏறத்தாழ 40,000 பறவைகள் மாண்டன என்று ஆராய்ச்சியாளர் கணக்கிட்டனர். எந்தக் காற்று சோலையை நிறைக்கிறதோ, அந்தக் காற்றே கடலையும் நிறைக்கிறது.

கடல் இருந்தால்தான் ஆபத்து என்று எண்ணவேண்டாம். 1904-ஆம் ஆண்டு மார்ச் 13-ஆம் நாள் இரவு, அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் வொர்திங்டன் என்ற சிற்றூரின்மேல் லாப்லாந்து லாங்ஸ்பர் என்னும் குருவிகள் திரள் திரளாக வடக்கே பறந்துகொண்டிருந்தன. ஈரமான கனத்த பனி திடீரெனப் பெய்யத் தொடங்கியது. சிறகில் பனி படிந்து கனக்க, இருளில் திசை மயங்கி, ஊரின் விளக்கொளியை நோக்கிக் குருவிகள் தெருக்களிலும் கூரைகளிலும் உறைந்த ஏரிகளிலும் விழுந்து மாண்டன. தாமஸ் ராபர்ட்ஸ் என்ற பறவையியல் அறிஞர் அளவெடுத்துக் கணக்கிடச் செய்தார்: இரண்டு சிறிய ஏரிகளின் பனிக்கட்டிமேல் மட்டும் சுமார் 7,50,000 குருவிகள். அன்பர்களே, ஓர் இரவில்!  புறப்பட்ட இடத்து வானத்தை நம்பி அவை வந்தன.

ஆகவே, பறவை பார்க்கும் கலையைப் பயில விரும்பும் இளைஞர்கள், பறவைப் படப் புத்தகத்தோடு கூடவே வானிலைப் படத்தையும் படிக்கக் கற்கவேண்டும். வளைகுடாக் கரையில் அனுபவம் மிக்கவர்கள் முதலில் பார்ப்பது முந்தின மாலை யுகட்டானில் காற்று எத்திசை என்பதை. தென்றலானால் பறவைகள் புறப்பட்டிருக்கும், வாடையானால் புறப்பட்டிரா. அடுத்து, குளிர்முகம் எந்நேரத்தில் கரையைத் தொடும் என்று கணிக்கிறார்கள். விடியலிலேயே தொட்டுவிட்டால் பறவைகள் இன்னும் நெடுந்தூரம் எதிர்காற்றில் போராட வேண்டும். அதுவே மிகக் கொடிய நிலை. மாலை சாய்ந்தபின் தொட்டால் பறவைகள் முன்னரே கடந்துபோயிருக்கும். நண்பகலை ஒட்டித் தொட்டால் சோலை நிறையும். குளிர்முகம் கடந்தபின் இரண்டொரு நாள் வாடை நீடிக்குமானால், இறங்கிய பறவைகள் தங்கி மேய்ந்து உடல் தேற்றிக்கொள்ளும். தென்றல் திரும்பிய இரவிலே சோலை காலியாகிவிடும்.

இன்று இந்தக் கணிப்பு சாஸ்திரமாகவே வளர்ந்துவிட்டது. 143 வானிலை ரேடார்களில் 23 ஆண்டுகளின் இளவேனிற் பதிவுகளைத் திரட்டி, வான் டோரன், ஹார்ட்டன் என்ற இருவர் 2018-இல் வெளியிட்ட ஆராய்ச்சியின்படி, ஓர் இரவில் எத்தனை பறவைகள் பறக்கும் என்பதை முன்கூட்டியே சொல்ல முடிகிறது. அதற்கு எல்லாவற்றிலும் பெரிய துணையாவது காற்றின் வெப்பநிலை. இதன் பயன் பறவை பார்ப்போரோடு நிற்பதில்லை. 2017 மே மாதத்தில் ஒரு புயல் இரவில், டெக்சாஸின் கால்வெஸ்டன் நகரத்தில் ஒளிவிளக்கு அலங்காரம் செய்யப்பட்ட ஓர் உயர்ந்த கட்டடத்தில் மோதி ஏறத்தாழ 400 பறவைகள் விழுந்தன. தாழ்ந்த மேகம் அவற்றை இறக்கியது. விளக்கு அவற்றை இழுத்தது. மேகத்தைத் தடுக்க நம்மால் ஆகாது. விளக்கை அணைக்க ஆகும். அக்கட்டடத்தார் அதன்பின் வலசைக் காலத்தில் அலங்கார விளக்குகளை அணைக்க முன்வந்தனர். பறவை மிகும் இரவு எது என்று முன்னரே தெரிந்தால் ஒரு நகரமே அதைச் செய்யலாம்.

இதனினும் முக்கியமாக எனக்குத் தோன்றுவது ஒன்று உண்டு. ஹை ஐலண்டின் சோலைகளை ஹூஸ்டன் ஆடுபான் சங்கம் வாங்கிக் காத்து வருகிறது. தென்றல் நாள் ஒன்றில் கணக்கெடுக்கும் ஓர் அதிகாரி அங்கே வந்தால் என்ன எழுதுவார்? பறவை இல்லை, இந்த இடத்தை வைத்திருந்து பயன் இல்லை என்றல்லவா எழுதுவார்? ஆண்டில் பெரும்பாலான நாட்களில் அவர் எழுதுவது சரியாகவும் இருக்கும். ஆனால் நனைந்து தசை தேய்ந்து வரும் பறவைக்கு அந்த ஒரு பிற்பகலில் அந்த ஒரு சோலை இல்லையென்றால், கடலைக் கடந்ததும் வீணே. வலசை வழியிலுள்ள நிலத்தின் மதிப்பை நல்ல நாளின் எண்ணிக்கையால் அளக்கக்கூடாது; பொல்லாத நாளின் தேவையால் அளக்க வேண்டும்.

நம் நாட்டின் நிலை வேறு. இங்கே இளவேனில் பறவைகள் வரும் பருவமன்று, விடைபெறும் பருவம். பங்குனி, சித்திரையில் நம் தோப்புகளைவிட்டு ஆறுமணிக்குருவி மத்திய இந்தியக் காடுகளுக்கும் இமய அடிவாரத்துக்கும் போகிறது. திருநெல்வேலிப் பக்கத்துக் கூந்தன்குளத்தின் வரித்தலை வாத்துகள் இமயத்தைத் தாண்டி மத்திய ஆசியாவுக்குப் போகின்றன. அந்த வாத்துகள் நான் இதுவரை சொன்னதற்கு ஒரு திருத்தமும் கூறுகின்றன. இமயச் சரிவுகளில் பகற்பொழுதில் கீழிருந்து மேலே காற்று ஏறும். அதில் ஏறிக்கொண்டால் சுலபமாயிற்றே என்று நாம் நினைப்போம். 2011-இல் வெளியான ஆராய்ச்சியிலே, கருவி பூட்டிய வாத்துகள் அந்தக் காற்றை விட்டுவிட்டு, இரவிலும் விடியற்காலையிலும், காற்று அடங்கிக் குளிர்ந்து அடர்ந்திருக்கும் நேரத்தில், சொந்தச் சிறகின் வலிமையாலேயே ஏழெட்டு மணி நேரத்தில் மலையேறிவிடுவதாகத் தெரிந்தது. பின்காற்று எல்லாருக்கும் எப்போதும் வரமன்று. கொந்தளிக்கும் துணையைவிட அமைதியான தனிமையை விரும்பும் பறவையும் உண்டு.

கோடியக்கரையில் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தார் நெடுங்காலமாகப் பறவைகளுக்கு வளையமிட்டு ஆராய்ந்து வருகின்றனர். அவர்களுக்கு நிகராக நம்மால் செய்ய முடியாது. எனினும் நம்மால் முடிந்தது ஒன்று உண்டு. பறவைக் குறிப்பேடு வைத்திருக்கும் அன்பர்கள் பலர் இந்த மண்டபத்தில் இருக்கிறீர்கள். பார்த்த பறவையின் பெயரையும் தொகையையும் எழுதுகிறீர்கள். ஒன்றும் காணாத நாளில் ஏட்டைத் திறப்பதே இல்லை. வில்லியம்ஸுக்கும் லோவரிக்கும் நடந்த வாதம் முழுவதும் எதைப் பற்றியது? ஒன்றும் காணாத நாட்களைப் பற்றியது. ஆகவே வருகிற பங்குனியில், குளக்கரைக்குப் போகும் ஒவ்வொரு நாளும், பறவை இருந்தாலும் இல்லாவிட்டாலும், தேதியையும் நேரத்தையும் எழுதுங்கள். முந்தின இரவில் காற்று தென்றலா வாடையா, கோடையா கொண்டலா, வானத்தில் மேகம் எவ்வளவு, மழை பெய்ததா என்பதையும் எழுதுங்கள். கூந்தன்குளத்திலிருந்து கடைசி வாத்துக்கூட்டம் எந்தக் காற்றில் எழுந்தது என்று அந்த ஏடுகளைக்கொண்டு நாம் சொல்லமுடியும்.